எழுதி வைத்த வரம்பு: வர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழிலும் கிளையன்ட் உறவும்

ஒரு மடிக்கணினி, தடையில்லாத இணையம், ஓரளவு நல்ல ஆங்கிலம் இருந்தால் வீட்டிலிருந்தபடியே தொடங்கிவிடலாம் என்ற நம்பிக்கையோடு பலரும் நுழையும் தொழில் வர்ச்சுவல் அசிஸ்டென்ட் வேலை. இன்பாக்ஸைச் சீர்செய்வது, காலண்டரில் சந்திப்புகளைக் குறிப்பது, இன்வாய்ஸ் அனுப்பி வசூலைத் தொடர்வது, சமூக ஊடகப் பதிவுகளைத் தயாரிப்பது, பயணச்சீட்டு எடுப்பது என ஓர் அலுவலகத்தின் பின்கட்டு வேலை முழுவதையும் தொலைவிலிருந்தே செய்துகொடுப்பவர்தான் ‘வி.ஏ.’ எனப்படும் இந்த உதவியாளர். இந்த வேலைகளைக் கற்றுத்தரும் காணொளிகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் கிளையன்ட் எந்த நேரத்தில் அழைக்கலாம், எந்த வேலையைக் கேட்கலாம், எந்தக் கணக்கைத் திறந்துவிடலாம், பணத்தை எப்போது தர வேண்டும் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கக் கற்றுத்தருவோர் குறைவு. தொழிலைத் தொடங்கிய பலர் சலித்துப் போவதும் இந்த இடத்தில்தான்.

‘முடியாது என்று சொல்லப் பழகுங்கள், துணிச்சல் வேண்டும்’ என்பதே இதுபற்றி வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. முகதாட்சண்யம் பார்த்துப் பழகிய நமக்கு அந்த அறிவுரை தேவைதான், ஆனால் அது போதாது. அலுவலக ஊழியருக்கு வேலை நேரத்தையும் விடுப்பையும் சம்பளத் தேதியையும் சட்டம் நிர்ணயிக்கிறது. வி.ஏ.வுக்கு அப்படி எல்லாவற்றையும் நிர்ணயிக்கும் சட்டம் கிடையாது. ஆகவே வேலை தொடங்கும் முன் எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம்தான் அவருக்குத் தொழிலாளர் சட்டம். வரம்பு வகுப்பதை மனோதிடத்தின் சோதனையாகப் பார்க்காமல், தொழிலின் முதல் வேலையாகப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

தொழில் பிறந்த கதை

1990களில் அமெரிக்காவில், அலுவலகச் செயலாளர் வேலையை வீட்டிலிருந்தே பல முதலாளிகளுக்குச் செய்துகொடுத்த பெண்களிடமிருந்து இந்தத் தொழில் உருப்பெற்றது. 1999இல் இவர்களுக்கென ஒரு சர்வதேசச் சங்கமே தொடங்கப்பட்டது. 2005இல் ஏ. ஜே. ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் எஸ்குயர் இதழில் எழுதிய கட்டுரையும், 2007இல் வெளிவந்த டிம் ஃபெரிஸின் ‘தி ஃபோர் ஹவர் ஒர்க்வீக்’ நூலும் இந்திய உதவியாளர்களை மேலை நாட்டு வாசகர்களிடம் பரவலாக அறிமுகப்படுத்தின.

ஜேக்கப்ஸின் கட்டுரையை இன்று படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. பெங்களூரு நிறுவனங்களின் வழியே அவர் அமர்த்திய உதவியாளர்களிடம் முதலில் ஆய்வு வேலையையும் கடிதப் போக்குவரத்தையும் ஒப்படைத்தார். போகப்போக, மனைவியோடு ஏற்பட்ட பிணக்கைத் தீர்ப்பதையும், தனக்குப் பதிலாகக் கவலைப்படுவதையுமே ஒப்படைத்துப் பார்த்தார். அவருக்கு அது சுவையான சோதனை. ஆனால் தொழிலின் கோணத்தில் பார்த்தால், தெளிவாக வரையறுக்காத வேலை எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது. கேட்பவருக்கு அது நீள்வதே தெரிவதில்லை.

வீட்டிலிருந்து பிறருக்கு உழைப்பது தமிழ்நாட்டுப் பெண்களுக்குப் புதிதல்ல. திருநெல்வேலிச் சீமையில் பீடி சுற்றுவோர் தலைமுறைகளாக அப்படித்தான் உழைத்து வருகிறார்கள். முதலாளியின் கூரைக்குக் கீழே உட்காராதவர் தொழிலாளியா என்ற கேள்வி அவர்கள் விஷயத்தில் எழுந்தது. 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டிலிருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. மடிக்கணினியோடு அதேபோல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் வி.ஏ.வுக்கு அத்தகைய சட்டம் இன்னும் வரவில்லை.

வரம்பு உடையும் நான்கு இடங்கள்

முதல் இடம் கடிகாரம். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால், அங்கே கோடைக்காலத்தில் சென்னையில் மாலை 6.30; குளிர்காலத்தில் இரவு 7.30. அங்கே மாலை 5 மணிக்கு அலுவலகம் முடியும்போது இங்கே அதிகாலை 2.30 அல்லது 3.30. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமையும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துகின்றன. நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளையன்ட் வைத்திருப்பவருக்கு இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரங்களில் தினசரி அட்டவணையே குழம்பிப்போகும். ‘காலை 9 முதல் 5 வரை’ என்று மட்டும் எழுதிய ஒப்பந்தத்தில் பாதிதான் எழுதப்பட்டிருக்கிறது. யாருடைய காலை என்பதையும், கடிகாரம் மாறும்போது யார் தன் நேரத்தை மாற்றிக்கொள்வார் என்பதையும் எழுதினால்தான் அது முழுமையாகும்.

இரண்டாவது, ‘ஒரு சின்ன வேலை’. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 40 மணி நேரத்துக்கு 20,000 ரூபாய் என்று பேசியிருக்கிறார் ஒருவர். மணிக்கு 500 ரூபாய். ‘இதை மட்டும் கொஞ்சம் பாருங்கள்’ என்று வாரத்துக்கு 15 செய்திகள் வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் என்றால் வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். நான்கு வாரத்தில் 10 மணி நேரம். இப்போது 50 மணி நேரம் உழைத்து அதே 20,000 ரூபாயைத்தான் வாங்குகிறார். மணிக்கு 400 ரூபாய். கிளையன்ட் கூலியைக் குறைக்கவில்லை, கடிந்து ஒரு வார்த்தை சொல்லவும் இல்லை. ஆனாலும் மணிநேர வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துவிட்டது. தனித்தனியாகப் பார்த்தால் எந்தச் செய்தியும் அநியாயமாகத் தெரியாது. சண்டை போடக் காரணமே இல்லாமல் நஷ்டம் நடக்கிறது என்பதுதான் இதில் சிக்கல்.

மூன்றாவது, சாவி. மின்னஞ்சல் கடவுச்சொல்லையும் வங்கி ஓ.டி.பி.யையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடும் கிளையன்ட்கள் உண்டு. நம்பிக்கையின் அடையாளமாக அதைப் பெருமையோடு ஏற்றுக்கொள்ளும் உதவியாளர்களும் உண்டு. கணக்கில் ஏதாவது தவறு நடந்தால் சந்தேகம் முதலில் விழுவது சாவி வைத்திருப்பவர் மேல்தான். ஜிமெயிலில் கடவுச்சொல் தராமலேயே இன்னொருவரைப் பிரதிநிதியாகச் சேர்க்கும் வசதி இருக்கிறது. கூகுள் காலண்டரை மட்டும் தனியே பகிரலாம். ஃபேஸ்புக் பக்கத்தில் ஒருவருக்குக் குறிப்பிட்ட அனுமதிகளை மட்டும் தரலாம். வேறு வழியே இல்லாத இடத்தில் பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்ற கடவுச்சொல் பெட்டகங்கள் கைகொடுக்கும். வங்கி ஓ.டி.பி.யைக் கேட்பதுமில்லை, கொடுத்தால் வாங்குவதுமில்லை என்று வி.ஏ. தானாகவே முன்வந்து சொல்வது கிளையன்ட்டையும் சேர்த்துக் காப்பாற்றும்.

நான்காவது பணம். ‘இந்த மாதம் கொஞ்சம் டைட், அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்’ என்பதைக் கேட்காத ஃப்ரீலான்சர் அரிது. எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்ற பழமொழி இவர்களுக்காகவே சொன்னதுபோல் இருக்கும்.

ஆய்வாளர்கள் கண்டவை

வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே மனிதர்கள் எப்படிக் கோடு போடுகிறார்கள் என்பதை ஆராய்ந்த சமூகவியலாளர் கிறிஸ்டினா நிப்பர்ட்-எங், 1996இல் வெளியிட்ட நூலில் சாவிக்கொத்துகளையும் காலண்டர்களையும்கூட ஆதாரமாக எடுத்துக்கொண்டார். வீட்டுச் சாவியையும் அலுவலகச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்திருப்பவர்களும் உண்டு, தனித்தனியே வைத்திருப்பவர்களும் உண்டு. இரண்டையும் கலந்து வாழ்வதும் பிரித்து வாழ்வதும் இரு துருவங்கள். பெரும்பாலோர் இடையில் எங்கோ நிற்கிறார்கள். இன்றைய வி.ஏ.வுக்கு அந்தச் சாவி வளையம் அவருடைய கைபேசி எண். அண்ணன் மகள் காதுகுத்துப் படங்களும் கிளையன்ட்டின் அவசரச் செய்தியும் ஒரே வாட்ஸ்அப்பில் வரிசைகட்டி நின்றால், மூளையால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. இன்னொரு சிம் வாங்கி, 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் வேலை நேரத்தையும் தானியங்கிப் பதிலையும் அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் குளோரியா மார்க், குறுக்கீடுகள் பற்றி 2008இல் சக ஆய்வாளர்களோடு வெளியிட்ட ஆய்வின் முடிவு எதிர்பாராதது. குறுக்கீட்டுக்கு உள்ளானவர்கள் வேலையைத் தாமதமாக முடிக்கவில்லை, சீக்கிரமே முடித்தார்கள். ஆனால் அந்த வேகத்துக்குக் கூடுதல் மன அழுத்தமும் எரிச்சலும் உழைப்பும் விலையாயின. அடிக்கடி குறுக்கிட்டும் வேலை நின்றுபோகாததைப் பார்க்கும் கிளையன்ட், பாதிப்பு எதுவும் இல்லை என்று நம்பிவிடுவதற்கு இதில் விளக்கம் கிடைக்கிறது. விலையைக் கொடுப்பவர் வேறொருவர்.

ஹார்வர்ட் வணிகப் பள்ளியின் லெஸ்லி பெர்லோ, பாஸ்டன் கன்சல்டிங் குரூப்பில் ஒரு சோதனை நடத்தினார். எந்நேரமும் கிளையன்ட்டுக்குக் கிடைக்க வேண்டும் என்று வாழ்ந்த ஆலோசகர்களில் ஒவ்வொருவருக்கும் வாரத்தில் ஒரு மாலை முழு ஓய்வு என்று முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்டது. அன்று மின்னஞ்சல் கிடையாது, அழைப்பு கிடையாது. இதற்காகக் குழுவினர் வேலையை முன்பே திட்டமிட்டுப் பேச வேண்டியிருந்தது. அதன் பயனாக வேலையில் மனநிறைவு கூடியது. கிளையன்ட்டுக்குத் தரும் சேவையும் மேம்பட்டதாக அவர் பதிவுசெய்தார். இந்தச் சோதனையில் கவனிக்க வேண்டிய சொல் ‘முன்கூட்டியே’ என்பது. ஓய்வைத் தேவைப்படும்போது கெஞ்சிக் கேட்டு வாங்கவில்லை, நாள் குறித்து எல்லோருக்கும் தெரியும்படி எடுத்துக்கொண்டார்கள்.

உடல்நலக் கணக்கும் இருக்கிறது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 சதவீதமும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீடு கூறுகிறது. மூன்று கிளையன்ட்களை மூன்று நேர மண்டலங்களில் வைத்திருப்பவர் அந்த 55ஐத் தாண்டுவதை அவரே கவனிக்கமாட்டார். மொத்த நேரத்தைக் கூட்டிப் பார்க்கும் மேலாளர் அவருக்கு இல்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

வேலை நேரத்துக்குப் பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை பல நாடுகளில் சட்டமாகியிருக்கிறது. பிரான்சில் அது 2017 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. போர்ச்சுகல் 2021இல் இயற்றிய சட்டம், ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாமல் இருப்பதை முதலாளியின் கடமையாகவே ஆக்கியது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், நேரம் கடந்து வரும் தகவலைப் பார்க்கவோ பதில் சொல்லவோ மறுக்க ஊழியருக்கு உரிமை உண்டு, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை. இந்தியாவில் மக்களவை உறுப்பினர் சுப்ரியா சுலே 2018இல் இதற்கெனத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

இவை எல்லாமே ஊழியருக்கானவை. வி.ஏ.க்கள் மிகுந்த பிலிப்பைன்ஸில் 2018இல் இயற்றப்பட்ட தொலைப்பணிச் சட்டமும் தனியார் துறை ஊழியர்களுக்குத்தான். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, வழக்கமான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே சம்பாதிப்பவரை ‘கிக்’ தொழிலாளர் என்று முதன்முறையாக வரையறுத்தது. அது நலத்திட்டங்களைப் பற்றியது. இரவு 11 மணிக்கு வரும் செய்தியைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

சட்டத்திலிருந்து வி.ஏ. எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு கருத்து உண்டு. தராங்கத்ரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி 1950களில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், என்ன வேலை என்பதோடு அதை எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் கட்டுப்படுத்தும் உரிமை இருக்கிறதா என்று பார்த்தே ஒருவர் தொழிலாளியா, தன் பொறுப்பில் செய்யும் ஒப்பந்தக்காரரா என்று முடிவு செய்தது. அந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையன்ட்டையும் பார்க்கலாம். எட்டு மணி நேரமும் ஆன்லைனில் இருக்கச் சொல்கிறார், திரையைக் கண்காணிக்கிறார், செய்யும் முறையையும் தானே தீர்மானிக்கிறார் என்றால், முதலாளியின் அதிகாரம் முழுவதும் அவரிடம் இருக்கிறது, பி.எஃப்., விடுப்பு, போனஸ் என்ற பொறுப்பு எதுவும் இல்லை. கட்டுப்பாடு வேண்டுமானால் வேலைக்கு அமர்த்திச் சம்பளம் தரட்டும். ஒப்பந்தக்காரராக வைத்துக்கொள்வதானால் முடிவை மட்டும் கேட்கட்டும்.

பண விஷயத்தில் சட்டம் சற்றுத் தெளிவாக இருக்கிறது. நியூயார்க் நகரில் 2017 முதல், 800 டாலருக்குக் குறையாத ஃப்ரீலான்ஸ் வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம். பணம் தரும் தேதி குறிப்பிடாவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் தர வேண்டும். இந்தியக் கிளையன்ட்டிடம் வேலை செய்பவர் சிறுதொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தால், 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்திவைக்க முடியாது. தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. மின்னஞ்சலில் பேசி முடித்த ஒப்பந்தமும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவின்படி செல்லும். ஆனால் டெக்சஸில் இருக்கும் கிளையன்ட் 300 டாலர் பாக்கி வைத்தால், அதற்காகத் திருப்பூரிலிருந்து வழக்குத் தொடுக்கும் செலவு பாக்கியைவிடப் பெரிதாகிவிடும். வெளிநாட்டுக் கிளையன்ட்டிடம் முன்பணம் வாங்குவது ஒன்றே நடைமுறையில் பயன் தரும் பாதுகாப்பு.

அப்வொர்க் போன்ற ஃப்ரீலான்ஸ் தளங்கள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்புகின்றன. நிலையான தொகைக்குப் பேசிய வேலையில் பணம் முன்பே எஸ்க்ரோ என்ற இடைநிலைக் கணக்கில் வைக்கப்படுகிறது. மணிக்கணக்கு வேலைக்கு வார உச்சவரம்பு உண்டு. இந்தப் பாதுகாப்புக்குத் தளம் கமிஷனும் எடுத்துக்கொள்கிறது, வேலை நேரத்தில் திரையைப் படம் பிடிக்கவும் செய்கிறது. தளத்தில் பெற்ற கிளையன்ட்டைத் தனியே அழைத்துச் செல்லவும் தடை இருக்கிறது. பாதுகாப்பைக் காசு கொடுத்து வாங்குகிறோம் என்ற தெளிவோடு சேர்ந்தால் புதியவர்களுக்கு இது நல்ல தொடக்கம்தான்.

தாளில் இருக்க வேண்டியவை

ஒப்பந்தம் வழக்கறிஞர் மொழியில் நீண்டிருக்க வேண்டியதில்லை. இரண்டு பக்கம் போதும். செய்யும் வேலைகளின் பட்டியல், அதைவிட முக்கியமாகச் செய்யாத வேலைகளின் பட்டியல், இந்திய நேரப்படி வேலை நேரம், பதில் தரும் கால அளவு, தொடர்புக்கு ஒரே வழி, மாத மணிநேரமும் அதற்கு மேற்பட்டால் கட்டணமும், பணம் தரும் தேதி, விடுமுறைகள், தகவல் ரகசியம், இரு தரப்பும் விலக எத்தனை நாள் அறிவிப்பு ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். தீபாவளியையும் பொங்கலையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே தேதியோடு அனுப்பிவிட வேண்டும். அவசரம் என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டும். ‘இணையதளம் செயலிழந்தால் அவசரம், பதிவின் எழுத்து நிறத்தை மாற்றுவது அவசரமில்லை’ என்ற ஒரே வரி பல இரவுகளின் தூக்கத்தைக் காக்கும்.

எழுதியதைக் கடைப்பிடிப்பது இரண்டாவது கட்டம். கோயம்புத்தூர்க் கிளையன்ட் ஒருவர் ஞாயிறு இரவு, ‘மேடம், நாளைக் காலை மீட்டிங்குக்கு ஒரு பிரசென்டேஷன் வேணும், சின்னதுதான்’ என்று அனுப்புகிறார் என்று கொள்வோம். ‘சாரி சார், முடியாது’ என்றால் உறவு கசக்கும். ‘சரி சார்’ என்றால் அடுத்த ஞாயிறும் போய்விடும். எழுதி வைத்தவர் தரும் பதில் வேறு விதமாக இருக்கும்: ‘வணக்கம் சார். பிரசென்டேஷன் நம்ம மாதப் பட்டியலில் இல்லை. திங்கள் மதியம் 2 மணிக்குள் என்றால் கூடுதல் மணிநேரக் கணக்கில் செய்து தருகிறேன். காலை மீட்டிங்குக்கே வேண்டும் என்றால் நாம் பேசிய அவசரக் கட்டணம் வரும். எது வசதி சொல்லுங்க.’ இதில் மறுப்பும் இல்லை, மன்னிப்பும் இல்லை. தேர்வு அவர் கையில், விலை தாளில். இந்தப் பதிலைத் திங்கள் காலை 9 மணிக்கு அனுப்புவது உத்தமம். ஞாயிறே எழுதிவிட்டாலும், ஜிமெயிலின் நேரம் குறித்து அனுப்பும் வசதி அதற்குத்தான் இருக்கிறது. நள்ளிரவில் ஒருமுறை பதில் போட்டால், நள்ளிரவும் வேலை நேரம்தான் என்று நாமே அறிவித்ததாகிவிடும்.

எதிர்வாதங்கள்

‘புதிதாக வருபவர் நிபந்தனை பேசினால் யார் வேலை தருவார்?’ என்ற கேள்வி நியாயமானது. போட்டி கடுமையானது, குறைந்த கூலிக்கு வர ஆள் இருக்கிறது. வரம்பு வகுத்தால் சில கிளையன்ட்கள் போகத்தான் செய்வார்கள். ஆகவே எல்லாவற்றையும் முதல் நாளே பேச முடியாதவர் மூன்றை மட்டுமாவது விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும்: முன்பணம், மணிநேர உச்சவரம்பு, வாரத்தில் ஒரு முழு ஓய்வுநாள். கூலி அடுத்த ஆண்டு உயரலாம். எல்லையில்லாமல் தொடங்கிய உறவைப் பின்னால் ஒழுங்குக்குக் கொண்டுவருவது மிகவும் கடினம்.

‘நெகிழ்வுதானே இந்தத் தொழிலின் அழகு’ என்பார்கள். உண்மைதான், ஆனால் நெகிழ்வு இருபக்கமும் இருக்க வேண்டும். குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர வி.ஏ.வுக்கு மாலை ஒரு மணி நேரம் கிடைக்கிறது என்றால், அதற்கு ஈடாக இரவில் ஒரு மணி நேரம் கொடுப்பதில் தவறில்லை. கிளையன்ட் மட்டுமே வளைக்கக்கூடிய நேரத்துக்கு நெகிழ்வு என்று பெயர் வைக்க முடியாது.

வீட்டுக்குள்ளும் ஒரு வரம்பு தேவைப்படுகிறது. ‘வீட்டில்தானே இருக்கிறாய்’ என்று பகல் வேலையை எல்லாம் தலையில் கட்டிவிட்டு, இரவில் கிளையன்ட் வேலையைச் செய்யவிடும் குடும்பங்களில், பெண் இரண்டு ஷிஃப்ட் உழைக்கிறாள். கதவில் நேரத்தை எழுதி ஒட்டுவதும், அந்த நேரத்தில் அழைப்புமணிக்கு வேறொருவர் எழுந்து போவதும் ஒப்பந்தத்துக்கு இணையாக முக்கியம். குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் கிளையன்ட்டிடம் மட்டும் வகுத்த வரம்பு அரைகுறையானது.

எத்தனை எழுதினாலும், ஒரே கிளையன்ட்டை நம்பி வாழ்பவரால் எதையும் நிலைநிறுத்த முடியாது. அவர் போனால் வருமானம் முழுவதும் போகும் என்பது இருவருக்குமே தெரியும். இரண்டு மூன்று கிளையன்ட்களும், மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பும் இருப்பவர் எழுதிய ஒப்பந்தத்துக்குத்தான் மதிப்பு இருக்கும்.

முடிவாக

தெளிவான வரம்பால் கிளையன்ட்டுக்கும் லாபம் உண்டு. எப்போது பதில் வரும், எவ்வளவு செலவாகும், எது நடக்காது என்பது அவருக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. இதை ஏற்க மறுப்பவர் தேடுவது உதவியாளரை அல்ல, சட்டப் பொறுப்பில்லாத ஊழியரை. அப்படிப்பட்டவரை முதல் வாரத்திலேயே இனம் கண்டுகொள்ளவும் இரண்டு பக்க ஒப்பந்தம் உதவும்.

தனியாளின் ஒப்பந்தத்தால் எல்லாம் தீர்ந்துவிடாது. வீட்டில் பீடி சுற்றியவரைத் தொழிலாளி என்று ஏற்ற நாடு, வீட்டிலிருந்து திரையில் உழைப்பவருக்கும் எழுத்து ஒப்பந்தத்தையும் குறித்த நாளில் ஊதியத்தையும் சட்டப்படி உறுதிசெய்ய வேண்டும். அதுவரை இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கும் வரவிருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த கிளையன்ட்டின் முதல் வேலையைத் தொடங்கும் முன், அந்த இரண்டு பக்கத்தை எழுதி அனுப்புங்கள். அவர் ஒப்புக்கொண்டு பதில் அனுப்பிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.